மூன்று மணி நீலக் குளிசை

அத்தியாயம் ஐந்து

நவம்பர் மாதத்தில், டென்மார்க்கின் ஒடென்சேயில், வீட்டுக்குள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருக்கிற மனிதன் ஒன்றில் நடிகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையோ ஒளிக்கிறவனாக இருக்க வேண்டும். செல்வராஜாவுக்கு நடிக்க வராது.

"கண்ணாடியை ஒருக்காக் கழட்டுங்கோ அண்ணை," என்றாள் சாரங்கா.

"கண் கூசுது."

"ரெண்டு கிழமையா இந்த ஊரிலை சூரியனைக் கண்டதா ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் அந்தோனிதாசன். "உங்களுக்கு மட்டும் எங்கயிருந்து கூசுது?"

சாரங்கா பத்து வருடம் மருந்துப் பரிசோதனைகளைச் சரிபார்க்கும் உத்தியோகம் பார்த்தவள். எல்லோரும் சரி என்றதை அவள் பிழை என்று சொல்லிச் சொல்லியே வேலை போனது. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். அந்தோனிதாசன் அவளுடைய உதவியாளர், சாரதி, வாய். கிரின்ஸ்டெட் என்ற ஊரில் பழைய கார் விற்றவர். துருப்பிடித்த இடத்தை வாங்குகிறவனுக்குத் தானே விரலால் காட்டி, அதற்கு மேலும் இருநூறு குரோனர் கூட்டி விற்ற ஆள்.

அவர்களைக் கூப்பிட்டது செல்வராஜாவின் மனைவி ஜெபமலர். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். நோயாளியைப் பார்த்த கண்.

"ராத்திரி ஜெபத்திலை கை தட்டேக்கை உள்ளங்கையைச் சொறியிறார் பிள்ளை," என்றாள். "தோலிலை ஒண்டுமில்லை. உள்ளுக்கை கடிக்குது எண்டுறார்."

செல்வராஜா நகர பஸ் ஓட்டுகிறவர். சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போடத் தொடங்கினால் பஸ்ஸை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் அவரை எட்டு மாதமாகத் தின்றது. அந்த நேரத்தில்தான் துறைமுகப் பக்கத்து மருந்துக் கம்பனி ஒன்று, ஊசி தேவைப்படாமல் செய்யும் என்று ஒரு நீலக் குளிசையைப் பரிசோதிக்க ஆள் தேடியது. ஆறு கிழமையாக நாளுக்கு ஒன்று. இன்று மூன்று மணிக்கு கிளினிக்கில் அதை இரண்டாக்குகிறார்கள்.

"ஒரு நாள் பிந்திப் போங்கோ," என்றாள் சாரங்கா.

"இண்டைக்குப் போகாட்டி வெளியிலை போட்டிடுவாங்கள். பிறகு ஊசிதான்." அவர் கோட்டை மாட்டினார். "சீனாவிலை ஒரு ஆஸ்பத்திரியிலை இருநூறு பேர் ரெண்டு ரெண்டாப் போட்டிருக்கினம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. கம்பனியிலை இருக்கிற கபிலன் தம்பி எனக்கு ஒவ்வொண்டாக் காட்டினவர். போடாதேங்கோ எண்டு அவர் சொல்லட்டும், நிப்பாட்டுறன். வேறை ஆர் சொன்னாலும் இல்லை. இவள் சொன்னாலும் இல்லை."

மூன்று மணிச் சந்திப்புக்குப் பதினொரு மணிக்கே புறப்பட்டார். பஸ் ஓட்டிகள் பிந்துவதில்லை. கதவு சாத்தியதும் ஜெபமலர் சாரங்காவின் கையைப் பிடித்தாள்.

"நான் சொன்னால் விசுவாசம் இல்லாதவள் எண்டுவார். நீங்கள் ஏதாவது கொண்டுவாங்கோ."

அவருடைய நோயாளி அட்டையின் படத்தைத் தன் தொலைபேசியிலிருந்து சாரங்காவுக்கு அனுப்பிவிட்டு, அவள் வேலைக்கு ஓடினாள்.

*

கபிலன் அவர்களைச் சிரித்த முகத்துடன் வரவேற்றான். முப்பத்தைந்து வயது, தேய்த்த சட்டை, கம்பனியில் பரிசோதனைத் தரவுகளுக்குப் பொறுப்பு. கணினித் திரையைத் தானாகவே அவர்கள் பக்கம் திருப்பினான்.

அரிசி மூட்டையைத் தானாக அவிழ்த்துக் காட்டுகிற வியாபாரியிடம், கையை அடிவரை விட்டுப் பார்க்க வேண்டும். அவன் காட்டுவது மேல் அரிசி.

"இருநூறு பேர் அக்கா. ஈரல் பழுது ஒண்டுகூட இல்லை. பேர் இல்லாமல் ஒரு பிரதி தாறன், வீட்டை கொண்டுபோய்ப் பாருங்கோ. ஒளிக்க என்ன இருக்கு?"

"அந்த ஆஸ்பத்திரியோடை கதைக்கலாமோ?"

"டொக்டர் லின் எண்டு ஒருத்தி. இங்கிலிஷ் வராது அக்கா. ஆஸ்பத்திரியும்... சொல்லக்கூடாது, ஒழுங்கு கொஞ்சம் மட்டம்தான். இதிலை ஏதும் பிழை இருந்தால் அது அவையின்ரை பிழையாத்தான் இருக்கும்."

சாரங்கா அவனைப் பார்த்தாள். தான் விற்கிற சாமானைத் தானே குறை சொல்கிற கடைக்காரனை, அந்தோனிதாசனைத் தவிர, அவள் முன்பு கண்டதில்லை.

கபிலன் மணிக்கூட்டைப் பார்த்தான். "குறை நினைக்காதேங்கோ. இண்டைக்குப் புதுக் கார் எடுக்கிறன். மூண்டுக்கு முன்னம் கார்த் திறப்புக் கைக்கு வரோணும்."

கார் என்றதும் அந்தோனிதாசனுக்குக் காது விறைத்தது. "எந்த ஷோறூம்?"

சொன்னான்.

"அவங்கள் அஞ்சரைக்குத்தானே பூட்டுறது. ஏன் தம்பி தலை தெறிக்க ஓடுறீர்?"

"வீட்டிலை சொல்லிவிட்டவை," என்று சிரித்தான் கபிலன்.

*

காருக்குள் மடிக்கணினி சாரங்காவின் மடியில் இருந்தது. அந்தோனிதாசன் எட்டிப் பார்த்தார்.

"இருநூறு பேருக்கு ஒரு வயித்துக்குத்துக்கூட இல்லை. எங்கடை சேர்ச் பிக்னிக்கிலை ரோல்ஸ் திண்டே இருவது பேர் படுத்தவை. சீனாக்காரர் சும்மா எழுதி அனுப்பியிருக்கினம் சாரங்கா. கதை முடிஞ்சுது."

"கதை முடிஞ்சுதெண்டு நீங்கள் சொன்ன ரெண்டு வழக்கிலும் நாங்கள்தான் மன்னிப்புக் கேட்டனாங்கள் தாசண்ணை. எனக்கு டொக்டர் லின் வேணும்."

"அதுக்குச் சீனாக்காரர் கதைக்கிற வீசாட் ஆப் வேணும். வீசாட்டுக்குச் சீனாக்காரன் வேணும்." அவர் காரைத் திருப்பினார். "நூடில்ஸ் கடைக்காரன் ஒருத்தன் என்னட்டை வான் வாங்கினவன். இன்னும் ஓடுது. அதாலை இன்னும் என்னோடை கதைக்கிறான்."

நூடில்ஸ் கடைக்காரர் மருத்துவமனையின் பெயரைக் கேட்டார், தன் மைத்துனியிடம் கேட்டார், மைத்துனி யாரிடமோ கேட்டாள். இரண்டு கிண்ணம் சூப் ஆறுவதற்குள் டாக்டர் லின் திரையில் வந்துவிட்டார். ஐம்பது வயதுப் பெண்மணி. அங்கே இரவு எட்டரை. பின்னால் நோயாளர் விடுதி. கையில் சுடுநீர்க் குடுவை. கபிலன் வராது என்று சொன்ன ஆங்கிலம் அவருக்குச் சாரங்காவைவிட நன்றாக வந்தது.

"வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு ஒருவருக்கு முதல் குளிசை கொடுத்திருக்கிறீர்கள்," என்றாள் சாரங்கா.

"இல்லை."

"இங்கே இருக்கிறதே."

"அங்கே இருக்கலாம். இங்கே அந்த நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு மடக்குக் கட்டிலில் படுத்திருப்போம். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைக்கும் எங்கள் பகுதியில் மீன்தொட்டியைக்கூட யாரும் தட்டமாட்டார்கள். முதல் குளிசை எல்லோருக்கும் காலையில்தான். வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்போம், உடனே குளிசை. எட்டரைக்குள் முடிந்துவிடும். திங்கட்கிழமை என்றால் அந்த நேரம் வரிசை வாசல்வரை நிற்கும்."

"இருநூறு பேரும் காலையிலேயே?"

"எந்த இருநூறு? என்னிடம் அறுபது பேர்." அவர் குடுவையைக் கீழே வைத்தார். "ஏழு பேருக்குக் கண் மஞ்சளானது. ஓகஸ்ட் முடிவில் நிறுத்திவிட்டேன். ஒடென்சேக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் கம்பனித் தலைவரின் பெயரில் ஒரே பதில்: நன்றி, பார்க்கிறோம்."

அந்தோனிதாசன் சூப் கரண்டியை வைத்துவிட்டார்.

"எங்களுக்கு ஆண்டுதோறும் தரம் பார்க்க வருகிறார்கள்," என்றார் டாக்டர் லின். "கதவுப் பிடியைக்கூட விரலால் தடவிப் பார்ப்பார்கள். அந்த ஏழு பேரை அவர்களிடமே நான் மறைக்கவில்லை. உங்களிடம் ஏன் மறைக்கிறேன்? சரி, உங்களுடைய ஆள் எப்படி இருக்கிறார்?"

"வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்."

"உள்ளங்கை கடிக்கிறதா?"

"ஆம்."

டாக்டர் லின் திரைக்குக் கிட்ட வந்தார். பின்னால் யாரோ ஒரு தள்ளுகட்டிலை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அவருக்கு இனி ஒரு குளிசைகூடக் கொடுக்க வேண்டாம். என்னுடைய ஏழாவது நோயாளிக்கு மஞ்சள் தெரியாமல் இரண்டாகக் கூட்டினோம். அவருடைய மனைவியிடம் போய்ச் சொன்னது நான்தான்."

*

கார் ஓடவில்லை. கிளினிக்குக்கு ஓடினாலும் கபிலன் சொல்லாமல் செல்வராஜா கேட்கமாட்டார்; வேறு எங்கே ஓட்டுவது என்று தெரியவில்லை.

சாரங்கா கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தாள். முகம் தெரியாத ஒருவர் சொன்னதற்காகத் தன்னால் நிறுத்த முடியாது, நோயாளியின் அட்டையில் கம்பனியின் பாதுகாப்பு இலக்கம் இருக்கிறது, அங்கே சொல்லுங்கள் என்றாள் தாதி, டேனிஷ் மொழியில், மிகவும் மரியாதையாக. செல்வராஜாவுக்கு எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"தலைவன்தான் கள்ளன்," என்றார் அந்தோனிதாசன். "லின் அம்மா நிப்பாட்டினதும் மிச்ச நூற்றி நாப்பது பேரை அவன் கற்பனையிலை பெத்திருக்கிறான். கபிலனுக்குப் போன் அடியும். பாவம், அவருக்கே இது தெரியாது. அவர் ஒரு சொல்லுச் சொன்னால் செல்வராஜா அண்ணை நிப்பாட்டிடுவார்."

சாரங்கா அட்டையின் படத்தைப் பெரிதாக்கினாள். பாதுகாப்பு இலக்கம் என்று போட்டிருந்ததும் கபிலனுடைய இலக்கம்தான். ஆறு எண்களை அழுத்தினாள்.

ஏழாவதை அழுத்த முன்னம் அம்மாவின் அழைப்பு வந்தது. அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து, தினமும் இதே நேரத்தில்.

"எங்கை நிக்கிறாய்?"

"அம்மா, அவசரம். பிறகு எடுக்கிறன்."

"அவசரமெண்டால் கெதியா வெளிக்கிடு. இண்டைக்குச் செவ்வாய். மூண்டடிச்சால் ராகுகாலம் துவங்கீடும், பிறகு போற காரியம் உருப்படாது."

சாரங்காவின் விரல் தொலைபேசியை வெட்டப் போய், அப்படியே நின்றது. கண் மடிக்கணினியில் விழுந்திருந்தது. டாக்டர் லின் அனுப்பிய நோயாளி இலக்கங்களை வைத்து, அவருடைய அறுபது பேரையும் முதல் குளிசை நேரப்படி அவள் சிவப்புப் புள்ளியாக்கியிருந்தாள். காலையில் ஒரே கூட்டமாக இருந்தார்கள். மிச்சப் பேர் நீலம். நாள் முழுக்கத் தூவிவிட்டது போலக் கிடந்தார்கள், ஆனால் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு இடத்தில் ஓட்டை. சீனாவின் மதியத் தூக்கம் என்றால் ஓட்டை எல்லா நாளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். இது நாளுக்கு நாள் நடந்துபோனது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பிறகு நீலம் ஒன்றுமே இல்லை.

"அம்மா. புதன்கிழமை எத்தினை மணிக்கு?"

"பன்ரண்டு தொடக்கம் ஒண்டரை."

புதன்கிழமை, பன்னிரண்டிலிருந்து ஒன்றரை, வெள்ளை.

"வியாழன்?"

"ஒண்டரையிலயிருந்து மூண்டு. வெள்ளி பத்தரையிலயிருந்து பன்ரண்டு. திங்கள் காலமை ஏழரையிலயிருந்து ஒன்பது." அம்மாவுக்குக் கலண்டர் தேவையில்லை. "ஏன் பிள்ளை, ஆருக்கேன் பொம்பிளை பாக்கப் போறியோ?"

"ஓம் அம்மா. நூற்றி நாப்பது மாப்பிளையள்." வைத்துவிட்டாள்.

அந்தோனிதாசன் கத்தோலிக்கர். அம்மா சொன்ன ஒவ்வொரு நேரத்துக்கும் திரையில் ஒரு ஓட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தவர், விரலை எடுத்துக்கொண்டார்.

"ராகு சீனாவிலையும் டியூட்டி பாக்கிறாரோ?"

"திங்கட்கிழமை எட்டு மணிக்கு டொக்டர் லின்னின்ரை வாசலிலை சனம் நிரம்பி வழியுது. இந்த நூற்றி நாப்பது பேரிலை ஒருத்தரும் அந்த நேரத்திலை வரேல்லை. இதைச் சீனாவிலை எழுதேல்லை தாசண்ணை. தலைவனும் எழுதேல்லை. அந்த மனிசனுக்கு ராகு எண்டால் ஏதோ இத்தாலிச் சாப்பாடு. உந்தக் கம்பனியிலை எத்தினை தமிழர்?"

"ஒருத்தர்," என்றார் அந்தோனிதாசன் மெதுவாக.

"கேட்டால் இதிலையெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லையெண்டுதான் சொல்லுவார். ஆனால் மருந்து துவங்கிற நேரம் எண்டு எழுதேக்கை, கெட்ட நேரத்தை எழுதக் கை விடேல்லை. இல்லாத மனிசருக்குக்கூட." அவள் அழுத்திய ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக அழித்தாள். "கடை அஞ்சரைக்குத்தானே பூட்டுறது எண்டு கேட்டீங்கள். நல்ல கேள்வி. பதில்தான் எங்களுக்கு விளங்கேல்லை."

அந்தோனிதாசன் காரை எடுத்தார். ட்ராம் தண்டவாளத்தைக் கடந்தபோது விளக்கு சிவப்பா மஞ்சளா என்று இருவரும் பார்க்கவில்லை.

*

ஷோறூமின் நடுவில் கார் ஒன்று சிவப்புத் துணியால் போர்த்தி நின்றது. பக்கத்து மேசையில் கேக், கோப்பி, குட்டி டேனிஷ் கொடிகள். விற்பனையாளர் ஒரு தட்டில் திறப்பை, புத்தம் புதுச் சாவியை, ஏந்திக்கொண்டு வந்தார். கபிலன் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினான்.

தட்டிலிருந்து திறப்பை எடுத்தது அந்தோனிதாசன். "எங்கள் முறைப்படி திறப்பைக் குடும்பத்துப் பெரியவர்தான் கொடுக்க வேண்டும்," என்று டேனிஷில் விற்பனையாளருக்கு விளக்கினார். அவர் மிகவும் மகிழ்ந்து, துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் போய் நின்றார்.

திறப்பு சாரங்காவின் கைக்குப் போனது. அவள் கதிரையில் உட்கார்ந்தாள். சுவரில் பெரிய மணிக்கூடு. மூன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

"அக்கா, என்ன பகிடி இது? தாங்கோ."

"இரும். கோப்பி குடியும். மூண்டு பத்துக்குத் தாறன்."

"எனக்கு மூண்டுக்கு முன்னம் வேணும்."

"ஏன்?"

கபிலன் சட்டைக் கையை இழுத்துவிட்டான்.

"டொக்டர் லின்னோடை கதைச்சனாங்கள். நல்ல இங்கிலிஷ்."

அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நல்ல வியாபாரி. "அவையின்ரை ஆஸ்பத்திரியைப் பற்றி நான் முன்னமே சொன்னனான் அக்கா. இப்ப பிழை பிடிபட்டவுடனை மாத்திக் கதைக்கினம்."

"மஞ்சள் கண் ஏழும் அவவின்ரை. மிச்சம் நூற்றி நாப்பது பேரும் உம்மடை. அதிலை ஒருத்தருக்கும் ராகுகாலத்திலை குளிசை குடுக்கேல்லை. திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும் பாத்திட்டன்."

"அது தற்செயல்."

"தற்செயல் எண்டால் நல்லது." அவள் திறப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள், அவன் கைக்கு எட்டாத தூரத்தில். "அப்ப மூண்டு அஞ்சுக்கு வாங்கும். உமக்கென்ன, நம்பிக்கை இல்லாத ஆள். மூண்டு அஞ்சுக்கு இந்தக் காரை எடுத்து, மனிசியையும் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு ஒரு சுத்துச் சுத்திக் காட்டும். நானும் தற்செயல் எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கிறன்."

கபிலன் மணிக்கூட்டைப் பார்த்தான். திறப்பைப் பார்த்தான். நெற்றியில் வேர்த்திருந்தது.

"இல்லாத ஆக்களுக்கு நேரம் பாத்தனீர்," என்றாள் சாரங்கா. "இருக்கிற மனிசனுக்குச் செவ்வாய்க்கிழமை மூண்டு மணியை ஆர் குடுத்தது?"

"அவை பெந்தகோஸ்தே அக்கா. அவை நேரம் பாக்கிறேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னான் என்பது அவனுக்கே கேட்டது. அந்தோனிதாசன் கதிரையை இழுத்து, அவனுக்கும் கதவுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"தலைவரின்ரை பேரிலை பதில் போட்டதும் நீர்தானே?"

தலை மட்டும் அசைந்தது. "அவர் நிப்பாட்டியிருப்பார். கம்பனி போயிருக்கும். என்ரை பங்கு, வீடு, எல்லாம்... அறுபதிலை ஏழுதான் அக்கா. அடுத்த நூற்றி நாப்பதிலை ஒண்டும் வராது எண்டு நினைச்சனான்."

"ஒண்டும் வரேல்லைத்தான்." அவள் அவனுடைய தொலைபேசியை மேசையில் அவன் முன்னால் தள்ளினாள். "உம்மடை இலக்கத்தை மட்டும்தான் அவர் எடுப்பார்."

"நான் சொன்னால் என்ரை கதி?"

"அதைப் பிறகு கதைக்கலாம். அவரைப் பற்றிப் பிறகு கதைக்கேலாது."

மூன்றுக்கு நான்கு நிமிடம். கபிலன் அழுத்தினான். ஒலிபெருக்கியைப் போட்டது சாரங்கா. ஒரு மணி. இரண்டு. மூன்றாவதில் எடுத்தார்.

"தம்பி," என்றது செல்வராஜாவின் குரல், சந்தோசமாக. "கொஞ்சம் முந்தியே கூப்பிட்டிட்டினம். ரெண்டும் கையிலை. தண்ணி எடுக்கப் போகினம்."

கபிலன் தொலைபேசியைக் கிட்ட இழுத்தான். சாரங்கா திறப்பை மேசையில் வைத்தாள்.

"அதைப் போடாதேங்கோ அண்ணை," என்றான் கபிலன்.

"பிந்திப் போடவோ?"

"போடவே வேண்டாம்."

"ஏன் தம்பி? அந்த இருநூறு பேரும் போட்டவைதானே?"

"அப்பிடி இருநூறு பேர் இல்லை அண்ணை. நான் எழுதினது."

மறுபக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு அவர் மூச்சு மட்டும்.

"நான் இருக்கிறன்தானே, தம்பி," என்றார் செல்வராஜா.

கபிலன் முகத்தை மூடிக்கொண்டான். சாரங்கா தொலைபேசிப் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, கண்ணாடியைக் கழட்டி அந்த நேர்ஸ் பிள்ளைக்குக் கண்ணைக் காட்டுங்கோ. ஜன்னல் பக்கமாத் திரும்பிக் காட்டுங்கோ."

இம்முறை அவர் மறுக்கவில்லை. துணி உரசியது. தாதியின் குரல் வந்தது. முதலில் மெதுவாக, பிறகு யாரையோ பெயர் சொல்லி, உடனே வரும்படி. கதவு திறந்து பலர் நடக்கும் சத்தம். சாரங்கா ஜெபமலரின் இலக்கத்தை அழுத்திக்கொண்டே எழுந்தாள்.

சுவர் மணிக்கூடு மூன்றைத் தாண்டியது. தமிழில் நடந்தது எதுவும் விளங்காமல் தூரத்தில் பொறுமையாகக் காத்திருந்த விற்பனையாளர், இதுதான் நேரம் என்று நினைத்து, வாழ்த்துச் சொல்லியபடி சிவப்புத் துணியை ஒரே இழுவையில் இழுத்தார். கார் பளபளத்தது. மேசையில் கிடந்த திறப்பைக் கபிலன் தொடவில்லை.

அந்தோனிதாசன் எழுந்து காரை ஒரு தடவை சுற்றி வந்தார். டயரை உதைத்துப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி," என்றார். "நேரந்தான் சரியில்லை."